தவணையில் ஓடிப்போனவள்

மழை பிடித்துக்கொண்டால் சலவைக் கடைக்கு வருகிறவர்கள் உடனே திரும்பிப் போவதில்லை. குடையை மடக்கி வாசலில் சாய்த்துவிட்டு, வெளியே பார்த்தபடி பேசிக்கொண்டு நிற்பார்கள். கவுண்டரில் இருந்தவனுக்கு அதுதான் வேண்டும்.

துணியை வாங்குவது, பைகளைத் துழாவிப் பார்ப்பது, காலரில் எண் போட்ட துண்டைக் குத்துவது, ரசீது எழுதுவது. இவ்வளவுதான் அவன் வேலை. கை செய்யும். காது சும்மா இருக்கும். ஞாயிற்றுக்கிழமை மாலைகளில், புத்தகக் கடைக்கு மேலே இருந்த ஹாலில், அந்தக் காதில் விழுந்ததை மைக் பிடித்துச் சொல்வான். நாற்காலிகள் நிறைய ஆரம்பித்திருந்தன. அங்கே அவனுக்குப் பெயரே 'காது'.

அவனுக்கு ஒரு விதி இருந்தது. ஒட்டுக்கேட்டதை அப்படியே சொல்லக் கூடாது. ஆளை மாற்ற வேண்டும், பொருளை மாற்ற வேண்டும், காரணத்தை மாற்ற வேண்டும். பேசியவரே முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாலும் அது தன்னைத்தான் என்று தெரியாமல் சிரித்துவிட்டுப் போக வேண்டும். இதுவரை அப்படித்தான் நடந்தது. யாருக்கும் ஒரு கீறல் விழுந்ததில்லை.

அந்த மழை நாளில் வந்தவர் ஒரு பெரியவர். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பையிலிருந்து ஒற்றைச் சட்டையை எடுத்து வைத்தார். பேசியது அவனிடம் அல்ல. அவனுக்குப் பின்னால் திரையை ஒதுக்கிவிட்டு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த பெண்ணிடம். நாளெல்லாம் நீராவிப் பெட்டியோடு நிற்பதால் அவளைக் கடையில் 'நீராவி' என்பார்கள். அவளும் அந்தப் பெயருக்கே திரும்பிப் பார்ப்பாள்.

"இதையும் பழசோட சேத்து வச்சிரும்மா."

"ஐயா, எப்பதான் எடுத்துட்டுப் போகப் போறீங்க?"

"எடுத்துட்டுப் போனா வெட்டிருவா."

"யாரை?"

"சட்டையை. நான் ரிட்டயர் ஆனதுல இருந்து என் சட்டையப் பாத்தா என் வீட்டம்மாவுக்குக் கரித்துணியாத்தான் தெரியுது. போன வாரம் அடுப்பு தொடைச்சிட்டு இருந்தா. பாத்தா, துணில பாக்கெட் இருக்கு. நான் மேனேஜர் ஆன அன்னிக்குப் போட்ட சட்டை."

"ஒரு வார்த்தை கேக்க வேண்டியதுதானே?"

"கேட்டேனே. 'பாக்கெட் எதுக்கு, உள்ள போட இப்ப என்ன வச்சிருக்கீங்க'ன்னா." பெரியவர் குரலைத் தாழ்த்தினார். "அதான் ஒண்ணொண்ணா வெளிய கடத்திட்டு வர்றேன். இங்கயாவது உயிரோட இருக்கட்டும்."

கேட்கும்போது அவன் சிரிப்பதில்லை. ரசீதை நீட்டினான்.

ஞாயிற்றுக்கிழமை, பெரியவர் ஒரு மனைவி ஆனார். சட்டை என்பது அவளுடைய மொத்த உடுப்பும் ஆயிற்று. கரித்துணிப் பயம், வீட்டை விட்டு ஓடிப்போவதாக மாறியது.

"எங்க தெருவுல ஒருத்தி புருஷனை விட்டு ஓடிப்போறா. ஆனா ஒரே நாள்ல இல்ல. தவணையில. இன்னிக்கு ஒரு பாவாடை. நாளைக்கு ஒரு ஸ்வெட்டர். சலவைக்குன்னு அனுப்புவா, திரும்ப வாங்க மாட்டா. ஆறு மாசமா ஓடுறா, இன்னும் இடுப்புக்கு மேல வீட்டுலதான் இருக்கு. புருஷனுக்கோ சந்தோஷம். அலமாரியில இடம் வந்துட்டே இருக்கு. 'கல்யாணமான நாள்ல இருந்து இப்பதான் வீடு விசாலமா இருக்கு'ங்கறான். அந்த இடத்துல வைக்க அவளுக்கே ரெண்டு சேத்து வாங்கிட்டு வர்றான். அவ தலையில கை வச்சு உக்காந்துட்டா. தவணை நீண்டு போச்சே."

ஹால் குலுங்கியது. யாரோ எடுத்த வீடியோ கைமாறிப் போயிற்று.

*

அம்மா இறந்த பிறகு அவன் அக்கா வீட்டின் பின்னறையில் இருந்தான். அக்கா, மாமா, இரண்டாம் வகுப்புப் படிக்கும் பாப்பா, அவன். மாமா பஸ் செக்கர். ஓடும் வண்டியில் ஏறி, டிக்கெட் இல்லாதவர்களைப் பிடிக்கிற வேலை. ஊரில் எல்லா டிரைவருக்கும் கண்டக்டருக்கும் அவரைத் தெரியும். அக்காவையும் தெரியும். "செக்கர் வீட்டம்மா" என்று எழுந்து இடம் கொடுப்பார்கள். சாயங்காலம் அவரிடம், "இன்னிக்கு அம்மாவை மார்க்கெட் ஸ்டாப்புல பாத்தேன் சார்" என்றும் சொல்வார்கள்.

மாமா கத்த மாட்டார். கேள்வி கேட்பார். எங்கே போனாய், எதற்கு அந்த வழியாக, கூட யார், அவள் உடுத்தியிருந்தது என்ன நிறம். பதிலைக் கேட்டுக்கொண்டே சாப்பிடுவார். கை கழுவிவிட்டு வந்து அதே கேள்வியை வேறு வரிசையில் கேட்பார். பதில்கள் பொருந்தாத ஒரு நாளில் அக்காவின் சுண்டுவிரல் கதவிடுக்கில் மாட்டி நசுங்கியது. கதவைச் சாத்தியது யார் என்று அந்த வீட்டில் யாரும் பேசியதில்லை. பின்னறையில் அவனுக்கு அதுவும் கேட்டிருந்தது. ரேடியோவைக் கூட்டி வைத்தான்.

வீடியோ பரவிய பிறகு ஒரு நாள் மாமா நனைந்து வந்தார். தொப்பியைக் கதவில் மாட்டினார். அக்கா சோறும் உருளைக்கிழங்கும் வைத்தாள். மாமா போனைத் தட்டுக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்தார்.

"மாப்ள, டிப்போவுல உன் பேச்சுதான். உங்க மச்சினனா, உங்க மச்சினனான்னு கேக்கறானுங்க. ஏதோ ஓடிப்போற கதையாமே."

"சும்மா மாமா. ஹால்ல சொல்றது."

"நான்தான் இன்னும் பாக்கல. எல்லாரும் சிரிக்கறானுங்க, எனக்கு என்னன்னே தெரியல. சொல்லு, கேப்போம்."

"சாப்பிடுங்க மாமா. அப்பறமா சொல்றேன்."

"சாப்பிட்டுட்டேதான் கேக்கப் போறேன். நீ எந்திரிச்சு நின்னு சொல்லு. அங்க நின்னுதானே சொல்லுவ?"

பாப்பா கை தட்டினாள். அவன் எழுந்து சுவரோரம் நின்றான். தெருவில் ஒருத்தி, தவணை, இன்றைக்கு ஒரு பாவாடை. ஹாலில் வந்த அதே இடைவெளிகளோடு சொன்னான். மாமா சிரித்தார். அவன் பக்கம் பார்க்கவில்லை. அக்காவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா கையில் கரண்டி இருந்தது. பாத்திரத்துக்கும் தட்டுக்கும் நடுவில் அது நின்றுவிட்டிருந்தது.

அப்போதுதான் அவனுக்கு அந்தத் துணிப்பை நினைவுக்கு வந்தது. காலையில் கிளம்பும்போது அக்கா கொடுப்பாள். "போற வழியில கடையில போட்டுரு." அவன் வாங்கிக்கொண்டு போய் எண்ணிப் பார்க்காமலே நீராவியிடம் கொடுப்பான். ஸ்வெட்டர். பாவாடை. பாப்பாவின் சின்னச் சட்டைகள். அதில் எதையாவது அவன் என்றைக்காவது திருப்பி எடுத்து வந்திருக்கிறானா?

வாய் தானாகச் சொல்லிக்கொண்டே போயிற்று. "சலவைக்குன்னு அனுப்புவா..."

"ம், அனுப்புவா," என்றார் மாமா.

"அனுப்புவா. ஆனா ரசீது புருஷன் பையில இருக்கு. அவன் போய் எல்லாத்தையும் வாங்கிட்டு வந்துடுவான். இவ மறுபடி முதல் பாவாடையில இருந்து ஆரம்பிப்பா. அப்படியே அவங்களுக்கு அறுபது வயசாயிடும்."

அக்கா சிரித்தாள். வாயைப் புறங்கையால் மூடி, தோள் குலுங்க, எந்த இடத்தில் சிரிக்க வேண்டுமோ அந்த இடத்தில். மேடையில் அவனுக்கு இவ்வளவு நல்ல சிரிப்பு வந்ததில்லை. கரண்டி தட்டுக்குப் போய்ச் சேர்ந்தது.

மாமா ஒரு வாய் சாப்பிட்டார். "வீடியோவுல வேற மாதிரி சொன்னியே."

"பாக்கலன்னீங்களே மாமா."

"பாக்கலன்னு சொன்னேன்." தண்ணீர் குடித்தார். "டிக்கெட் இல்லன்னு தெரிஞ்சவன்கிட்டயும் முதல்ல, 'டிக்கெட் எடுத்தாச்சா'ன்னுதான் கேப்போம். ஏன் மாத்தின?"

"நாள் ஆக ஆக மாத்திட்டே இருப்போம் மாமா. அது வழக்கம்."

"யாரு அந்தப் பொம்பள?"

"பொம்பளையே இல்ல மாமா. கடைக்கு வர்ற ஒரு பெரியவர். வீட்டுல அவர் சட்டைய வெட்டிக் கரித்துணி ஆக்கறாங்கன்னு கொண்டாந்து கடையில ஒளிச்சு வைக்கறார். அதைத்தான் பொம்பளையா மாத்தினேன்."

"என்ன வேலை பாத்த ஆளு?"

"பேங்க்ல இருந்தார்."

"அப்படியா? அப்ப அவரைப் பாத்துற வேண்டியதுதான். நாளைக்கு எனக்கு மத்தியான ஷிப்ட்."

கை கழுவிவிட்டு மாமா படுக்கையறைக்குப் போனார். அலமாரிக் கதவு திறக்கும் சத்தம். ஹேங்கர்கள் கம்பியில் ஒவ்வொன்றாக நகரும் சத்தம். அக்கா தட்டுகளை அடுக்கினாள். பாப்பா ஏதோ கேட்க வந்தாள். அக்கா அவள் வாயில் ஓர் உருளைக்கிழங்குத் துண்டை வைத்தாள்.

"அலமாரியில போர்வையெல்லாம் எதுக்குத் தொங்குது?" உள்ளேயிருந்து குரல்.

"மழைங்க. பெட்டிக்குள்ள வச்சா ஈரம் ஏறி நாத்தம் அடிக்குது."

"ம்."

கதவு மூடியது.

*

மாமா குளிக்கப் போனபோது அக்கா சமையலறைக் குழாயை முழுதாகத் திறந்துவிட்டாள். தண்ணீர் பாத்திரங்களின் மேல் விழுந்தது.

"யாருடா சொன்னா உனக்கு?"

"யாரும் சொல்லலக்கா. சத்தியமா எனக்குத் தெரியாது. நானா மாத்திச் சொன்னேன்."

"மாத்தி மாத்தி என் வீட்டுக்கே வந்துட்டியா?"

அவள் ஒரு பாத்திரத்தைத் தேய்த்தாள். அதில் கரி ஒன்றும் இல்லை.

"உன்கிட்ட ஏன் சொல்லலன்னு நினைக்காத. நீ மேடையில நல்லா பொய் சொல்ற. வீட்டுல உனக்கு வராது. ரெண்டாவது கேள்வியில உளறிடுவ."

"எப்பக்கா?"

"பாப்பாவுக்குப் பரீட்சை முடிஞ்சதும்னு இருந்தேன். இனிமே முடியாது. நாளைக்குக் காலையிலயே போயிடறேன். பஸ்ஸுல கால் வைக்க முடியாது. உங்க கடை ஓட்டல் துணி வண்டி இருக்குல்ல, அதுல. டிரைவர்கிட்ட நீராவியம்மா பேசியிருக்காங்க. வெளியூர் சலவைக்கூடத்துக்குப் போற வழியில இறக்கி விட்டுருவாரு. அங்க இருந்து ரயில்."

"ரயில் எங்க போகுது?"

"அதை உனக்குச் சொல்ல மாட்டேன்."

"அக்கா, நாளைக்குக் காலையில அவர் கடைக்கு வர்றேன்னு சொல்லியிருக்கார்."

"காலை ஷிப்ட் இல்லாத அன்னிக்கு மனுஷன் வெயில் ஏறாம எந்திரிக்க மாட்டான். அதுக்குள்ள போயிடுவேன்."

குளியலறைத் தாழ்ப்பாள் விழுந்தது. அக்கா குழாயை மூடினாள். "சோப்பு தீந்துடுச்சு, நாளைக்கு வாங்கிட்டு வந்துரு" என்று சத்தமாகச் சொன்னாள்.

இரவு படுக்கையறையில் கேள்விகள் நெடுநேரம் ஓடின. சொற்கள் விளங்கவில்லை. கேள்வியின் ஏற்றமும் பதிலின் இறக்கமும் மட்டும் சுவர் வழியே வந்தன. பிறகு ஏதோ தரையில் மோதியது. அதன்பின் பேச்சு இல்லை. அவன் எழுந்தான், கதவுவரை போனான், கைப்பிடியில் கை வைத்து நின்றான். உள்ளே போனால் நாளைக்கு வண்டி இல்லை. போகாவிட்டால்? பாப்பா இருமும் சத்தமும், அக்கா அவளைத் தட்டிக் கொடுக்கும் சத்தமும் கேட்டபிறகுதான் கையை எடுத்தான்.

*

காலையில் அக்கா பாப்பாவுக்குச் சீருடை போட்டு, குடையை இடது கையில் பிடித்து இறங்கினாள். வலது கை சால்வைக்குள் இருந்தது. துணிப்பை கொடுக்கவில்லை. "பாப்பாவை விட்டுட்டு மார்க்கெட் போய்ட்டு வர்றேங்க" என்று உள்ளே பார்த்துச் சொன்னாள்.

அவன் செருப்பு மாட்டும்போது மாமா வந்து நின்றார். சவரம் செய்து, சீருடை போட்டு, தலையை வாரியிருந்தார்.

"போலாமா மாப்ள?"

"இப்பவேவா மாமா? அந்தப் பெரியவர் எப்ப வருவாரோ."

"வர வைப்ப. துணி ரெடின்னு ஒரு போன் போட்டா வராமலா போயிடுவார்?"

பஸ்ஸில் ஏறியதும் கண்டக்டர் சலாம் வைத்தான். மாமா இரண்டு பயணிகளிடம் டிக்கெட் வாங்கிப் பார்த்தார். பார்க்க வேண்டிய அவசியம் இல்லை. கை சும்மா இருக்கவில்லை.

கடை ஒரு நீளமான சந்து மாதிரி இருக்கும். முன்னால் கவுண்டரும் ஒரு பெஞ்சும். திரைக்குப் பின்னால் இஸ்திரி மேசைகள். அதற்கும் பின்னால் தகரம் போட்ட முற்றம். வண்டி அங்கேதான் நிற்கும், பக்கத்துத் தெரு வழியாக வெளியே போகும். மாமா பெஞ்சில் உட்கார்ந்தார். திரை விலகியிருந்தது. நீராவி ஒருமுறை எட்டிப் பார்த்தாள். சீருடையைப் பார்த்தாள். அவன் முகத்தைப் பார்த்தாள். திரையை இழுத்து மூடினாள்.

அவன் பெரியவருக்குப் போன் செய்தான். குரல் இரண்டாக உடைந்தது. பெரியவர் வருகிறேன் என்றார்.

"இருமல் மருந்து எங்கம்மா?" பின்னாலிருந்து பாப்பாவின் குரல்.

புஸ்ஸென்று நீராவி பீறிட்டது. மாமா தலையைத் திருப்பினார்.

"யாரு கொழந்தை?"

"பின்னால வீடு இருக்கு மாமா. சத்தம் கேக்கும்."

"நம்ம பாப்பா மாதிரியே இருக்கு."

"எல்லாக் கொழந்தையும் மழையில இப்படித்தான் மாமா, மூக்கடைச்சுப் பேசும்."

நீராவி உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள். "தம்பி, டிரைவர் இன்னும் வரல. டீ குடிக்கப் போன மனுஷன் டீத்தூள் பறிக்கப் போயிட்டான் போல. வந்தா சொல்லு, ஓட்டல்காரன் கத்துவான்."

அவன் புரிந்துகொண்டான். வண்டி நிற்கிறது, அவர்கள் வண்டியில் இருக்கிறார்கள், ஓட்ட ஆள் இல்லை. மாமா இந்தப் பெஞ்சில் இருக்கும்வரை சரி. எழுந்து திரையைத் தாண்டினால் பத்தடி.

பெரியவர் வந்தார். குடையை உதறினார். பெஞ்சில் சீருடையைப் பார்த்ததும் உதறுவதை நிறுத்தினார்.

"ஐயா, இவர் எங்க மாமா. உங்க சட்டை விஷயம் சொன்னேன். உங்ககிட்டயே கேக்கணும்னு வந்திருக்கார்."

"எந்தச் சட்டை?"

"வீட்டுக்குத் தெரியாம இங்க கொண்டாந்து வைப்பீங்களே."

பெரியவர் மாமாவின் பித்தளைப் பொத்தான்களைப் பார்த்தார். "என் வீட்டம்மா அனுப்பினாளா உங்களை?"

"யாரும் அனுப்பல. சும்மா கேக்கறேன். சட்டை வச்சிருக்கீங்களா இங்க?"

"இல்லையே."

"ஒண்ணுகூட?"

"நான் எதுக்கு இங்க சட்டை வைக்கணும்? எனக்கு வீடு இல்லையா?"

ஊரில் அவனுக்கு இருந்த ஒரே சாட்சி, தன் மனைவிக்குப் பயந்து சாட்சியை விழுங்கிக்கொண்டிருந்தது.

மாமா முழங்காலில் கை ஊன்றினார். "சரி மாப்ள. கேட்டாச்சு." எழுந்தார். "அக்கா மார்க்கெட்தானே போயிருக்கா? எந்த மார்க்கெட்னு சொன்னா?"

முற்றத்தில் யாரோ நடந்து வரும் சத்தம். டிரைவரா, அக்காவா தெரியவில்லை. வண்டிக் கதவு ஒன்று திறந்தது.

சிரிக்க வைத்து ஓர் ஆளை உட்கார வைக்க அவனுக்குத் தெரியும். மாமா சிரிப்புக்கு உட்காருகிற ஆள் இல்லை. எதற்கு உட்காருவார்? அவன் கவுண்டரைப் பிடித்துக்கொண்டான்.

"மாமா, இவர் பொய் சொல்றார்."

"என்ன தம்பி இது?" என்றார் பெரியவர்.

"அப்பட்டமான பொய் மாமா. இவ்வளவு நல்லா பொய் சொல்ற ஆளை நான்கூடப் பாத்ததில்ல. உங்களாலயே இவர்கிட்ட இருந்து வாங்க முடியாது. விடுங்க. போலாம்."

மாமா நின்றார். பெரியவரை மேலிருந்து கீழாகப் பார்த்தார். மறுபடி உட்கார்ந்தார். பக்கத்தில் பெஞ்சைத் தட்டிக் காட்டினார்.

"உக்காருங்க ஐயா."

"எனக்கு வேலை இருக்கு."

"உக்காருங்க. ஓய்வு பெற்றவருக்கு என்ன வேலை? இந்தக் கடைக்கு இதுக்கு முன்னால வந்திருக்கீங்களா?"

"வந்திருக்கேன். எப்பவாவது."

"எதுக்கு?"

"மழைக்கு ஒதுங்க."

"மழைக்கு ஒதுங்கறவர் போன் நம்பர் குடுத்துட்டா ஒதுங்குவார்? இந்தத் தம்பிக்கு உங்க நம்பர் எப்படித் தெரியும்?"

பெரியவர் நெற்றியைத் துடைத்தார். "பேங்க்ல இருந்தவன் சார் நான். எத்தனையோ பேருக்கு என் நம்பர் தெரியும்."

"பேங்க்ல எந்தப் பிரிவு?"

"கடன்."

"அப்ப பொய் சொல்றவனை நீங்களும் நிறைய பாத்திருப்பீங்க. எப்படிக் கண்டுபிடிப்பீங்க, சொல்லுங்க."

"கண்ணைப் பாத்து."

"என்னைப் பாருங்க."

பெரியவர் பார்க்கவில்லை. மாமாவின் குரல் உயரவே இல்லை. ஒரு கேள்வி முடியும் முன் அடுத்தது தயாராக இருந்தது. வீட்டில் எத்தனை சட்டை. போன பண்டிகைக்கு வாங்கியது எது. நிறம் கேட்டார், பொத்தான் கேட்டார், யார் தைத்தது என்று கேட்டார், பிறகு அதையே கீழிருந்து மேலாகக் கேட்டார். இரவுகளில் சுவர் வழியே கேட்ட அதே ஏற்றமும் இறக்கமும். இப்போது அவன் சொற்களோடு கேட்டான். ஒவ்வொரு கேள்விக்கும் அவன் தோள் தன்னால் ஒடுங்கியது. அக்கா இதை எத்தனை வருடம் கேட்டாள்?

பின்னால் எஞ்சின் ஒருமுறை இருமி அடங்கியது.

மாமா கையை நீட்டிப் பெரியவரின் பின்கழுத்தைப் பிடித்தார். பிடி பெரிதாகத் தெரியவில்லை. பெரியவர் மட்டும் அசையாமல் இருந்தார். மாமா காலரை மெதுவாக உள்பக்கம் திருப்பினார். அதில் கடையின் எண் துண்டு குத்தியிருந்தது; உடுத்த என்று எப்போதோ ஒன்றை எடுத்துப் போனவர் அதைப் பிரிக்க மறந்திருந்தார்.

"இது என்ன?"

பெரியவர் கை கூப்பினார். "சட்டை என்னுதுதான் சார். எல்லாம் என்னுதுதான். நான் யார்கிட்டயும் திருடல. வீட்டுல மட்டும் சொல்லிடாதீங்க."

"எதுக்கு இங்க வச்சீங்க?"

"வெட்டிடுவா சார்."

"அப்படிச் சொல்லுங்க." மாமா காலரைச் சரிசெய்து, ஒரு தட்டுத் தட்டி விட்டார். அவர் முகம் தெளிந்துவிட்டிருந்தது. அவனைப் பார்த்தார், வாய்விட்டுச் சிரித்தார். "உண்மையிலயே சட்டைதான்டா. நான் ஒரு முட்டாள்."

எஞ்சின் இப்போது பிடித்துக்கொண்டது. தகரக் கதவு தரையில் உராய்ந்து திறந்தது.

"என்ன சத்தம்?"

"ஓட்டல் துணி வண்டி மாமா. தினமும் போறது."

சத்தம் பக்கத்துத் தெருவில் திரும்பித் தேய்ந்தது. மாமா தொப்பியை எடுத்தார். உடனே போகவில்லை. கவுண்டரில் விரலால் கோடு போட்டுக்கொண்டு நின்றார்.

"ராத்திரி உங்கக்காகிட்ட கொஞ்சம் அவசரப்பட்டுட்டேன். பாவம். கேட்டதுக்கெல்லாம் ஒழுங்காத்தான் பதில் சொன்னா." தொண்டையைச் செருமினார். "ஏதாவது வாங்கிட்டுப் போறேன். அவளுக்கு என்ன பிடிக்கும்?"

அவனுக்குத் தெரியவில்லை. ஊரில் யார் யாருக்கு என்ன பிடிக்கும் என்று தெரியும். அக்கா தனக்கு இது பிடிக்கும் என்று சொல்லி அவன் கேட்டதில்லை.

"கேக்," என்றான். "பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு பேக்கரி இருக்கு மாமா. அங்கதான் நல்லா இருக்கும்."

"அவ்வளவு தூரமா?"

"அங்க வாங்கினாத்தான் அக்கா சாப்பிடும்."

மாமா போனார். மழைக்குத் தலையைக் குனிந்துகொண்டு, சந்தோஷமாக, வேகமாகப் போனார்.

பெரியவர் இன்னும் பெஞ்சில் இருந்தார். இரண்டு கையாலும் காலரைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, உன்னை நல்ல பையன்னு நினைச்சேன்."

"ஐயா, மன்னிச்சுக்கங்க. காரணம் இருக்கு."

"என் சட்டையெல்லாம் குடுத்துரு. வீட்டுலயாவது அவ வெட்டுவான்னு தெரியும்."

அவன் எடுத்துக் கொடுத்தான். பழைய சட்டைகள், நன்றாக வெளுத்து, மடிப்புக் கலையாமல் இருந்தன. பெரியவர் அவற்றை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, குடையை மறந்து, நனைந்துகொண்டே போனார். அவன் பின்னாலேயே ஓடிக் குடையைக் கொடுத்தான். அவர் வாங்கிக்கொண்டார். முகத்தைப் பார்க்கவில்லை.

திரும்பி வந்தபோது நீராவி கவுண்டரில் சாய்ந்து நின்றாள். முகம் வெளுத்திருந்தது.

"கை வீங்கியிருக்குடா அவளுக்கு. மணிக்கட்டு. ஈரத்துணி சுத்தி விட்டேன். அழுக்கு மூட்டைக்கு நடுவுல உக்காந்திருக்கா, பாப்பாவை மடியில போட்டுட்டு. நீங்க இங்க பேசினது அத்தனையும் கேட்டுச்சு. அந்தக் கெழவரைக் கேக்கக் கேக்க, அவ வண்டிக்குள்ள இருந்து பதில் சொல்லிட்டு இருந்தா. உதடு மட்டும் அசையுது. சத்தம் இல்ல."

"வண்டி ஊரைத் தாண்டியிருக்குமா?"

"எங்க தாண்டறது? மூணு ஓட்டல்ல துணி எடுக்கணும். எடுக்காம போனா ஓட்டல்காரன் இங்க போன் பண்ணுவான், முதலாளிக்குத் தெரிஞ்சிரும். அது ஊருக்குள்ளதான் சுத்திட்டு இருக்கும் இப்ப."

அவன் நாற்காலியில் உட்கார்ந்தான். கடைக்கு ஒரு பெண் வந்தாள், திரைச்சீலை கொடுத்தாள், தன் நாத்தனாரைப் பற்றி ஏதோ சொன்னாள். ரசீது எழுதினான். என்ன சொன்னாள் என்று தெரியவில்லை. இன்னொருவர் வந்தார். அவரும் போனார். மழை சற்று விட்டு, மறுபடி பிடித்தது.

கவுண்டரில் போன் அதிர்ந்தது. மாமா.

பாலத்துக்கு அந்தப் பக்கம் போய், வாங்கி, வீட்டுக்கும் போயிருப்பார். அல்லது போகவே இல்லை. எது என்று எடுத்தால்தான் தெரியும். அது மரப்பலகையில் நகர்ந்து நகர்ந்து ஓரத்துக்கு வந்தது. நின்றது. மறுபடி அதிர்ந்தது.

"எடுடா," என்றாள் நீராவி. "ஏதாவது சொல்லு. தெரியாதுன்னு சொல்லு."

"எடுத்தா, ரெண்டாவது கேள்வியில வாங்கிடுவார்."

"எடுக்கலன்னா நேரா இங்க வந்து நிப்பான்."

"வரட்டும்."

"என்னடா வரட்டும்? உன்னைக் கொன்னே போட்டுருவான்."

"இங்க வந்தா வேற எங்கயும் போக மாட்டார்ல."

நீராவி அவனையே பார்த்தாள். பிறகு உள்ளே போய் இஸ்திரிப் பெட்டியின் ஒயரைப் பிடுங்கிவிட்டு, ஒரு முக்காலியைத் தூக்கி வந்து, கவுண்டருக்கு இந்தப் பக்கம் அவனுக்கு அருகில் போட்டு உட்கார்ந்தாள். அவன் எழுந்து வாசல் கதவின் இரண்டு பக்கத்தையும் தெருவிலிருந்து தெரியும்படி அகலத் திறந்து வைத்தான். திரும்பி வந்து கவுண்டருக்குப் பின்னால் நின்றான்.

போன் மூன்றாவது தடவை அதிர ஆரம்பித்தது.